பர்ஸ் ஓரம் பிசிறடிப்பது: முதலில் தோலைச் சோதியுங்கள்

நண்பரே, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் தோல் பர்ஸின் ஓரம் வழவழப்பாகாமல் பிசிறடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். எனக்குத் தோலின் மேல்தான் சந்தேகம்.

மிச்சத் துண்டு ஒன்றைக் கூரான கத்தியால் வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. சாயம் உள்வரை ஊறியிருந்தால் இது தெரியாது. அப்போது துண்டை ஈரமாக்கி நகத்தால் அழுத்துங்கள். தடம் அப்படியே நின்றால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. எழும்பி மறைந்தால் குரோம்தான். அதன் நார்கள் ஈரத்துக்கும் தேய்க்கும் சூட்டுக்கும் அழுந்திப் படியாது. இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் தோள்தான் வலிக்கும்.

குரோம் என்றால் எட்ஜ் பெயின்ட், அதாவது தோல் ஓரத்தில் பூசும் பெயின்ட் போடுங்கள். 220, அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளால் ஓரத்தைச் சமப்படுத்தி, மெல்லிசாக ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு. மூன்று தடவையாவது வேண்டியிருக்கும். ஒரே தடவையில் தடியாக அப்பினால் பர்ஸ் மடியும் இடத்தில் வெடித்து உரியும். பெயின்ட் வேண்டாமென்றால் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, உள்ளே மடித்து ஒட்டித் தைத்துவிடலாம். வேலை கூடுதல்தான், ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

மரப்பட்டைத் தோலாகவே இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். ஓரம் ஈரப்பதமாக இருந்தால் போதும், ஊறிப்போகக் கூடாது.