ஒலியை முந்தும் விமானம் மறுபடி வருமா? சத்தம் குறையுமா? கேள்வி பதில்

விமானப் பராமரிப்பு வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு இப்போது பம்மலில் வசிக்கிறேன். ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் திரும்ப வருகிறது, இந்த முறை சத்தம் குறைவு என்கிறார்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த நொடியில்தானே 'டமார்' சத்தம் வரும்? அதைக் கடலுக்கு மேல் முடித்துக்கொண்டு நிலத்துக்குள் வரலாமே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியில்லை. காசிமேட்டில் விசைப்படகு கிளம்பும்போது பாருங்கள். பின்னால் இரண்டு பக்கமும் அலை விரிந்து, வரிசையாகக் கட்டியிருக்கும் படகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும். படகு ஓடுகிற வரை அலையும் கூடவே ஓடும். விமானமும் அப்படித்தான். ஒலியை விட வேகமாகப் போகிற நேரம் முழுக்க அதன் அதிர்வலை தரையைத் தொட்டுக்கொண்டே வரும். வழியில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒருமுறை 'டமார்'. பல நேரம் அது இரட்டையாகக் கேட்கும்: மூக்கிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று.

18 கி.மீ. உயரத்தில் பறந்தால் கீழே ஏறக்குறைய 90 கி.மீ. அகலத்துக்கு அந்தச் சத்தம் விழும். 2020 மே மாதம் விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று பறந்தபோது பெங்களூரு நகரமே வாசலுக்கு வந்து பார்த்தது நினைவிருக்கும்.

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: அந்தக் காலத்தில் ஒலியை முந்திப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் நின்றதற்குக் காரணம் பாரீஸ் விபத்துதானே?

2000 ஜூலையில் நடந்த அந்த விபத்தில் 113 உயிர்கள் போயின. அது பெரிய அடிதான். ஆனால் கான்கார்டின் பிரச்சினை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1973லேயே அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை முந்திப் பறக்கத் தடை போட்டது. 1976ல் சேவை தொடங்கிய கான்கார்டுக்குக் கடல் வழி மட்டும்தான் மிஞ்சியது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1977ல் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்ட் விட்டார்கள். சத்தத்தைக் காட்டி மலேசியா மறுத்ததால் மூன்று முறை போய் வந்ததோடு நின்றது. 1979ல் மறுபடி தொடங்கினார்கள். இந்திய நிலத்தின் மேல் அந்த வேகத்தில் பறக்க நம் அரசு இடம் கொடுக்கவில்லை. 1980ல் அதுவும் முடிந்தது. எரிபொருளைக் கொட்டிக் குடிக்கும் விமானத்தை மெதுவாக ஓட்டினால் யாருக்கு லாபம்? மொத்தம் 14 விமானங்கள்தான் பயணிகளை ஏற்றின. 2003ல் அவையும் ஓய்ந்தன.

தி.நகரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானம் சத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விமானத்தின் மூக்கு, கண்ணாடி, இறக்கை, வால் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வலை எழுப்பும். கீழே வரும் வழியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு பெரிய அலைகளாகிவிடும். அந்தச் சேர்க்கைதான் 'டமார்'. சேரவிடாமல் தடுத்துவிட்டால்? எக்ஸ்-59 செய்வது அதைத்தான். 30 மீட்டர் நீளமுள்ள விமானத்தில் மூக்கு மட்டுமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இன்ஜின் முதுகின் மேல் இருக்கிறது, அதன் அலை கீழே இறங்கக்கூடாது என்பதற்காக. விமானிக்கு முன்பக்கக் கண்ணாடியே கிடையாது. கேமராவும் திரையும் வைத்துத்தான் முன்னால் பார்க்கிறார்.

கான்கார்டின் சத்தம் தரையில் 105 டெசிபல் அளவில் இருந்தது. எக்ஸ்-59க்கு இலக்கு 75. தீபாவளிக்கு வாசலில் வெடிக்கும் அணுகுண்டுக்கும், பக்கத்துத் தெருவில் யாரோ கார் கதவைச் சாத்துவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 28ல் அது முதன்முறை பறந்தது. அதை ஊர்களின் மேல் ஓட்டி, கீழே இருப்பவர்களிடம் "எப்படிக் கேட்டது?" என்று கேட்பதுதான் நாசாவின் திட்டம். எனக்கு இதுதான் முக்கியம். 1964ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தின் மேல் ஆறு மாதத்தில் 1,253 முறை அதிர்வொலி எழுப்பிச் சோதித்தார்கள். புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. மக்கள் பொறுத்துக்கொள்கிறார்களா என்று பார்த்த காலம் அது. இப்போது மக்களிடம் கேட்டு, அந்தப் பதிலை வைத்து விதி எழுத நினைக்கிறார்கள்.

அவரே மறுபடி: அமெரிக்காவின் பூம் நிறுவனம் கட்டிய எக்ஸ்பி-1 சோதனை விமானம் அப்படி நீள மூக்கு இல்லாமலே தரையில் சத்தம் கேட்காமல் பறந்ததாமே?

ஆமாம், 2025 ஜனவரி 28ல். அது வேறு வித்தை. கோடை மதியத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் தூரத்தில் தண்ணீர் நிற்பது போல் கானல் தெரியுமே? தார் மேல் உள்ள சூடான காற்று, கீழே வரும் ஒளியை மேல்நோக்கி வளைத்துவிடுகிறது. ஒலிக்கும் அப்படியே. மேலே குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகவும் கீழே சூடான காற்றில் வேகமாகவும் போகும். அதனால் இறங்கி வரும் அதிர்வலை மெல்ல மெல்ல மேல்நோக்கி வளையும். விமானத்தின் வேகம் ஒலியைச் சற்றுத்தான் தாண்டியிருந்தால், அலை தரையைத் தொடாமலே திரும்பிவிடும். அன்று எக்ஸ்பி-1 போனது மாக் 1.12 வேகத்தில், அதாவது ஒலியைப் போல் 1.12 மடங்கு. அவர்கள் கட்டப்போகும் ஓவர்ச்சர் பயணிகள் விமானத்தின் முழு வேகம் மாக் 1.7. அந்த வேகத்தில் இந்த வித்தை பலிக்காது, முழு வேகமெல்லாம் கடலுக்கு மேல்தான். 2025 ஜூனில் அமெரிக்க அதிபர் அந்தப் பழைய தடையை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டதற்கு இந்தச் சோதனையும் ஒரு தூண்டுதல்.

அனகாபுத்தூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: மேலே சத்தம் குறைவு, சரி. ஏறும்போதும் இறங்கும்போதும்?

விமான நிலையத்தை ஒட்டி வாழ்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி. நீள மூக்கால் இதற்கு எந்த உதவியும் இல்லை. கான்கார்ட் கிளம்பும்போது இன்ஜினின் பின்னால் கூடுதலாக எரிபொருளை எரிக்கும், காது கிழியும். ஓவர்ச்சரில் அது இருக்காது, இன்றைய சாதாரண விமானங்களுக்கான சத்த வரம்புக்குள் நிற்கும் என்கிறார்கள். அந்த இன்ஜின் ஓடுதளத்தில் நின்று முழங்கும்போது அளந்து பார்க்காமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: சென்னையிலிருந்து எங்கே போகலாம்?

லண்டனுக்கு நேராகப் போக முடியாது. 8,000 கி.மீ.க்கு மேல் தூரம், ஓவர்ச்சரின் எல்லை அதற்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் நிலம் வேறு. சிங்கப்பூர்தான் பொருத்தம். சுமார் 2,900 கி.மீ., பெரும்பகுதி வங்கக் கடல். இப்போது நான்கு மணி நேரம், அதில் இரண்டரையாகலாம் என்பது என் கணக்கு. டிக்கெட் நம் கைக்கு எட்டுமா என்றால், 60 முதல் 80 பேர் ஏறும் விமானம், ஆளுக்கு ஆகும் எரிபொருளும் அதிகம். எட்டாது.

காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர்: கடலுக்கு மேல் என்றால் தொந்தரவு இல்லை என்பது போல் சொல்கிறீர்கள். ராத்திரி நாங்கள் அங்கேதானே இருக்கிறோம்?

நீங்கள் கேட்பது நியாயம் ஐயா, நான் அப்படி எழுதியது தவறு. ஓவர்ச்சர் முழு வேகத்தில் வங்கக் கடலைத் தாண்டினால் அந்த 90 கி.மீ. அகலத்துக்குள் இருக்கும் படகுகளுக்கெல்லாம் 'டமார்' கேட்கத்தான் செய்யும். படகு உடையாது. ஆனால் வலை இழுக்கிற நேரத்தில் இருட்டில் தலைக்கு மேல் வெடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். சென்னைக்கு இப்படி ஒரு வழித்தடம் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் கருத்துக் கேட்க வேண்டியது உங்கள் துறைமுகத்தில்தான்.