மலைநாட்டில் சோலர் மோட்டர்: கேள்வி பதில்

கேள்வி (வெலிமடை): அண்ணே, ஓடையிலிருந்து லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஏத்த சோலர் மோட்டர் போடப் போகிறேன். எத்தனை வாட்ஸ் பெனல் வாங்கலாம்?

பதில்: பெனலை அப்புறம் பார்ப்போம், தம்பி. ஓடைக்கும் தாங்கிக்கும் நேர் உயரம் எத்தனை மீற்றர் என்று முதலில் அளந்து வாருங்கள். நடக்கிற பாதையின் நீளம் கணக்கில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர் ஹோஸ் போதும், படிப்படியாக ஏறிக் கூட்டிக்கொள்ளலாம். 1,000 லீற்றரை 20 மீற்றர் உயர்த்த 55 வாட் மணி சக்திதான் தேவை. ஆனால் சின்ன மோட்டர்களில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம். ஆகவே 165 வாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் 100 வாட்ஸ் பெனல் ஒன்றே இதை இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் தரும். உயரம் இரட்டித்தால் பெனலும் இரட்டிக்க வேண்டும்.

கேள்வி (நுவரெலியா): 8 மீற்றர் உறிஞ்சும் என்று சொல்லித் தந்தார்கள். கிணற்றில் தண்ணீர் 7 மீற்றரில்தான் இருக்கிறது. மோட்டர் சும்மா சுற்றுகிறது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்காது, தங்கச்சி. மேலே நிற்கும் மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அது எடுத்துவிட, வெளிக்காற்று அழுத்தித் தண்ணீரை ஏற்றிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 10 மீற்றர் வரை தூக்கும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே, காற்று மெலிவு. இங்கே கணக்குப்படியே 8 மீற்றர் சொச்சம்தான். குழாய் உரசலும் புட் வால்வும் (குழாயின் அடிநுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) தின்றது போக, 5 மீற்றருக்கு மேல் நம்பாதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பது தாழ்நிலத்துக்குச் சரி, நமக்குச் சரிவராது. கிணற்றுக்குள் ஒரு தட்டு அடித்து மோட்டரைத் தண்ணீருக்குக் கிட்ட இறக்குங்கள், அல்லது தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். மேலே தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது. உறிஞ்சும் பக்க மூட்டுகளையும் பாருங்கள். ஊசித் துளை இருந்தாலும் காற்று ஏறி எல்லாம் வீணாகிவிடும்.

கேள்வி (ஹட்டன்): ஆனி, ஆடியில் இங்கே மப்பும் மழையும்தான். பெட்டரி போடாமல் சரிவருமா?

பதில்: பெட்டரிக்குப் போடும் காசைத் தாங்கிக்குப் போடுங்கள், ஐயா. வெயிலில் ஏற்றி உயரத்தில் தேக்கிய தண்ணீர் ராத்திரியிலும் தானாக இறங்கும், பெட்டரி போல சில வருசத்தில் செத்துப் போகாது. தென்மேல் பருவ மழைக்காலத்தில் உங்கள் பக்கம் பீலியிலேயே தண்ணீர் கொட்டும். தட்டுப்பாடு தை, மாசியில்தான். அப்போது வெயிலும் இருக்கும். பண்டாரவளைப் பக்கம் ஆனி, ஆடியில்தான் வரட்சி, வெயிலும் அப்போதே அடிக்கிறது. ஆனால் பம்ப் கண்ட்ரோலர் ஒன்று கட்டாயம் வேண்டும். பனி மூட்டத்தில் பெனலின் அம்பியர் விழுந்துவிடும், மோட்டர் முனகிக்கொண்டு நிற்கும். கண்ட்ரோலர் வோல்ட்டைக் குறைத்து அம்பியரைக் கூட்டி அதை மெதுவாகவாவது சுற்ற வைக்கும். தண்ணீர் வற்றினால் மோட்டரை நிறுத்த மிதவை சுவிட்சும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): வீட்டில் கிடக்கும் அரை எச்.பி. கரண்ட் மோட்டரை இன்வர்ட்டரில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், கட்டுப்படியாகாது. கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்காகவே பெரிய இன்வர்ட்டரும் பெட்டரியும் வாங்க வேண்டிவரும். அந்தக் காசில் பெனல் கரண்டிலேயே நேரே ஓடும் சின்ன டீசி மோட்டர் எடுங்கள்.

கேள்வி (அப்புத்தளை): ஓடைப் பக்கம் மரநிழல். பெனலை 30 மீற்றர் தள்ளி வைத்து 12 வோல்ட் மோட்டருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் போதுமா?

பதில்: போதாது. போக 30, வர 30. மோட்டர் 10 அம்பியர் எடுத்தால் 4 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். அதே வேலைக்கு 24 வோல்ட் மோட்டர் எடுத்தால் 5 அம்பியர்தான், இழப்பு 2 வோல்ட் சொச்சம். ஆனாலும் நிழலில் மட்டும் பெனலை வைக்காதீர்கள். ஒரு கிளையின் நிழல் மூலையில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். தெற்கே பார்த்து 10, 15 பாகை சரித்து வையுங்கள். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி ஓரத்தில் பாசி பிடிக்கும்.