கால் எலும்பை அளக்கும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

விலங்கியல் முதுகலை படிக்கும் உங்கள் மகள் முயல், பூனை, நாய் ஆகியவற்றின் கால் வலிமையை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதப்போகிறாள் என்றும், இதை நம்பி எப்படிப் பிழைப்பாள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தலைப்பை மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

1638-லேயே கலிலியோ எழுதிய விஷயம் இது. ஒரு விலங்கின் உருவம் அப்படியே இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிவிடும்; எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். ஆகவே முயலின் காலைவிட நாயின் கால் வலியது என்று, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை சொன்னால், நாய் பெரிய விலங்கு என்பதைத்தான் அது வேறு வார்த்தையில் சொல்கிறது. எடையையும் வலிமையையும் மடக்கையில் (லாகரிதத்தில்) எழுதி, எடையின் பங்கைக் கழித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு தொடங்கும். சிறிய வகை நாய்களையும் சேர்த்துக்கொண்டால் மூன்று விலங்குகளின் எடைகளும் ஓரளவு ஒன்றையொன்று தொடும். இதை அவளிடம் சொல்லுங்கள்.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரே பூனையின் தொடை எலும்பை வெர்னியர் அளவியால் பத்து முறை அளந்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை பத்து என்று எழுதிவிடுவார்கள். அளந்தது ஒரு பூனையைத்தான். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு சிறியதாக வரும், முடிவும் பளிச்சென்று தெரியும், அத்தனையும் தவறு. நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பொது மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமையைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக்கூடாது. அதைச் சரிசெய்யும் வழியை 1985-ல் பரிணாம உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் காட்டினார். ஆனால் அதற்கு மூன்று இனங்கள் போதா. அருங்காட்சியக எலும்புகளை அளக்க அனுமதி கிடைக்குமா என்று வழிகாட்டியிடம் அவள் இப்போதே கேட்கட்டும்.

வேலைக்கு வருகிறேன். இந்தத் தலைப்பின் பெயரில் வேலை விளம்பரம் வராது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மருந்துப் பரிசோதனைத் தரவுகள், செயற்கைக் கால் வடிவமைப்பு, கால்நடை மருத்துவ ஆய்வு என எங்கு போனாலும், எதை எதோடு ஒப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எல்லாக் கணக்கையும் அவளே செய்யட்டும். காசு கொடுத்து வெளியே செய்யவிடாதீர்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

முதல் வரைபடம் தயாரானதும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு, இது எந்த விலங்கு என்று கேளுங்கள்.