எம்.எஸ். இருப்பவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ். என்னும் நரம்பு நோய்) இருக்கிறது. மாலையில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே வலது கண் மங்குகிறது. நோய் முற்றுகிறதோ என்று பயந்து நடையையே நிறுத்திவிட்டேன். (வாசகி, மதுரை)

நடையை விடாதீர்கள், மொட்டை மாடியை விடுங்கள். மதுரை வெயிலைக் குடித்த தளம் மாலை ஆறு மணிக்கும் அனல் கக்கும். இப்படிக் கண் மங்குவதை 1890இலேயே ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்டாஃப் பதிவு செய்திருக்கிறார். எம்.எஸ். நோயால் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடத்தில், உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சமிக்ஞை தடுமாறும். சூடு தணிந்தால் பார்வை தெளிந்துவிடும். நரம்பில் புதிதாக எதுவும் சேதமாவதில்லை.

விடியற்காலையில் நடங்கள், அல்லது ஹாலில் ஃபேனுக்குக் கீழே நடங்கள். அதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம். கழுத்தில் ஈரத்துண்டு, கையில் ஜில்லென்று தண்ணீர். பத்து நிமிடத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் உட்காருங்கள். கண் மங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், படியில் இறங்க வேண்டாம்.

உடம்பு குளிர்ந்த பிறகும் மங்கல் தெளியாமல் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ நியூராலஜிஸ்ட்டிடம் போய்விடுங்கள். அது வேறு விஷயம்.

கேள்வி: எந்நேரமும் அசதி. "உடம்பை அலட்டிக்காதே" என்கிறார் அம்மா. (வாசகர், சேலம்)

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வொன்றில், எம்.எஸ். உள்ளவர்கள் வாரம் மூன்று நாள், நாளைக்கு 40 நிமிடம் என்று 15 வாரம் பயிற்சி செய்தார்கள். மூச்சுத் திறனும் தசை வலுவும் கூடின. பேச்சு மாறத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

நோய் பாதிப்பு மிதமாக இருப்பவர்களுக்குக் கனடா வழிகாட்டுதல் சொல்வது: வாரம் இருமுறை 30 நிமிடம் நடை, சைக்கிள் போன்ற பயிற்சி, இருமுறை தசைப் பயிற்சி. நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. அந்த வேகம் போதும். ஆனால் முதல் நாளே 30 நிமிடம் வேண்டாம், ஐந்தில் தொடங்குங்கள். மறுநாளும் அடித்துப் போட்டது போல் இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் காலையில் நன்றாக நடக்கிறார். மாலையில் வாசற்படியில் தடுக்குகிறது. (வாசகி, திருச்சி)

அவருடைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு செருப்பின் முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால், களைப்பு ஏற ஏற அந்தப் பாதம் தொங்குகிறது என்று அர்த்தம். காலையில் கிளினிக்குக்கு வந்தால் இது எங்கள் கண்ணில் படாது, மாலையில் கூட்டி வாருங்கள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற கணுக்கால் தாங்கி தேவையா என்று பார்க்கலாம். அதுவரை ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது போடட்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஒற்றைக் காலில் நின்று பழகலாம்.

கேள்வி: யோகா?

தாராளமாக. சூடேற்றிய அறையில் செய்யும் வகை மட்டும் வேண்டாம். கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பது போல் இருப்பவர்கள் சர்வாங்காசனம், ஹலாசனத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அடிக்கடி சிறுநீர் வருவதால் நடைக்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை. சரியா?

சரியில்லை. சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். போய்விட்டு வந்து நடையைத் தொடங்குங்கள், கழிப்பறை பக்கத்தில் இருக்கும் பாதையாகப் பாருங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கு நடை வேண்டாம், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.