மகள் ரக்பி ஆடட்டும், கையெழுத்து மட்டும் பொறுக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

மகள் ரக்பி ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடட்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "இதை நம்பி என்ன தொழில் இருக்கு?" என்று அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், கேட்டாரே, அது கனமான கேள்வி. கோபத்தில் கேட்டிருந்தாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் இலங்கையில் பெண்கள் ரக்பி ஆடி நிலையான மாதச் சம்பளம் வாங்குகிறார்கள் என்றால், பெரும்பாலும் அது இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய நான்கில் ஒன்றில்தான். உள்ளூர்ப் போட்டிகளில் முன்னால் நிற்பவையும் இந்த அணிகளே. கொழும்பில் கழக அணி இல்லாமல் இல்லை, ஆனால் கழகத்தில் ஆடுவது வேறு, சம்பளம் வாங்குவது வேறு. தேசிய அணிப் பெண்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு சீருடை போட்டவர்கள். அதனால் நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் காலில் அடிபடுமா, வெயிலில் கறுத்துப்போவாளா என்பதில்லை. நாளைக்கு மகள் சீருடையில் வந்து நின்றால் உங்கள் மனசு ஒப்புமா? இதைத்தான் பேச வேண்டும். மலையகத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் பிள்ளை மூன்று வருஷம் ஓடிக் களைத்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதைவிட இப்போதே எடுப்பது நல்லது.

ஒப்பும் என்றால் என் ஆலோசனை பொலிஸ் பக்கம் கொஞ்சம் சாயும். தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த பெண் உத்தியோகத்தர்கள் நம் நிலையங்களில் போதாது என்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டு முடிந்த பிறகும் அந்த வேலைக்குத் தேவை இருக்கும். எந்தச் சேவை என்றாலும் சிங்களம் வேண்டும். பயிற்சி, கட்டளை, பதவி உயர்வுப் பரீட்சை எல்லாவற்றிலும் அது குறுக்கே வரும். மகள் கடையில் சமாளிக்கும் சிங்களம் போதாது, வாசிக்கவும் எழுதவும் வர வேண்டும். இதை இப்போதே தொடங்கலாம், காசும் அதிகம் போகாது.

ஒப்பாது என்றாலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆட்டத்தைத் தொழிலாக நினைப்பதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வழியிலும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை எந்தச் சேவையிலும், எந்தக் கழகத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். நன்றாக ஓடுகிற பிள்ளையை "இப்போதே வந்துவிடு, படிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை, அவர்களுக்கு அணி வேண்டும். உங்களுக்கு வேண்டியது வேறு.

சரி, அப்புறம் ஆட்டத்துக்கு வருவோம். "இது ஆம்பளைங்க ஆட்டம், அதுவும் துரைமார் ஆட்டம்" என்று அப்பாயி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வரலாற்றைப் பார்த்தால் அப்பாயி சொல்வது பொய் இல்லை. ரதெல்லையிலும் டரவளையிலும் தோட்டத் துரைமாரின் கழகங்கள் இருந்தன. பாடசாலை ரக்பியை 1891இல் தொடங்கியது கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி. அவர்களுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் நடந்த 1906 ஆட்டம்தான் நாட்டின் முதல் பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டம். ரக்பி பார்க்கக் கண்டி நித்தவளை மைதானத்துக்குப் போகும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். இவ்வளவு காலமாக நம் மலைகளுக்கு நடுவிலேயே நடந்த ஆட்டத்தை நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். இப்போது ஓர் உடற்கல்வி ஆசிரியை உங்கள் மகளை உள்ளே கூப்பிடுகிறார். அந்த டீச்சருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

மகளை அவர் கூப்பிட்டிருப்பது எழுவர் ஆட்டத்துக்கு. டிவியில் 15 பேர் முட்டி மோதுகிறார்களே, அதே அளவு மைதானத்தில் இங்கே பக்கத்துக்கு 7 பேர்தான். ஒரு பாதி 7 நிமிடம், இரண்டு பாதியும் சேர்த்து 14 நிமிடம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்தப் பெரிய மைதானத்தை ஏழே பேர் காக்க வேண்டும், அதனால் நின்று மூச்சு வாங்க நேரம் கிடைக்காது. போட்டித் தொடர் பெரும்பாலும் இரண்டு நாள் நடக்கும், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும். "பிள்ளை குள்ளம், மெலிசு" என்று பயப்படுகிறீர்கள். இதில் முதலில் பார்ப்பது வேகத்தையும், ஓடி முடித்தவுடன் திரும்ப ஓட முடிகிறதா என்பதையும்தான். ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் பந்துக்காகத் தோளோடு தோள் முட்டும் இடத்தில், குனிந்து தள்ளுவதும் பக்கத்துக்கு மூன்று பேர் மட்டுமே. வலயப் போட்டியில் 400 மீற்றர் ஓடுகிறவள், வலைப்பந்தில் சென்டர் ஆடுகிறவள் என்று எழுதியிருந்தீர்கள். டீச்சர் கண் வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வலைப்பந்திலிருந்து ரக்பிக்குப் போவதும் புதிய கதை இல்லை. எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்ப்பது என்று 2009இல் முடிவானதும், நியூசிலாந்து மற்ற விளையாட்டுகளிலிருந்து பெண்களைத் தேடிப் பிடித்தது. அப்படி வந்த போர்ஷியா வூட்மன் அதற்கு முன் வலைப்பந்து வீராங்கனை. 2016 ரியோவில் அவர்கள் அணிக்கு வெள்ளி. அந்த முறை தங்கம் அவுஸ்திரேலியாவுக்கு. பிறகு டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் நியூசிலாந்துக்கே தங்கம். பாரிஸில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியின் இலோனா மேஹர் தாதியியல் பட்டம் பெற்றவர். அண்ணனிடம் இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். உலகமே பார்க்கிற ஆட்டக்காரியின் கையிலும் ஒரு தொழில் படிப்பு இருக்கிறது.

மகளிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுக்கு நம் பெண்கள் அணி போனது. குழுவில் நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து. மூன்று ஆட்டத்திலும் பெரிய தோல்வி. இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் வருகிறது. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆட்டமே முழுநேர வேலை, அதற்கு ஒப்பந்தச் சம்பளம் உண்டு. கடமை நேரத்துக்கு நடுவில் பயிற்சி எடுத்து அவர்களோடு மோதுவது சின்ன விஷயமா? ஆனாலும் பிள்ளைக்குக் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இலங்கை ஜெர்சி போட்டால் அவள் அதிகம் ஆடப்போவது ஆசிய எழுவர் தொடரில். ஆசியாவிலேயே சீனாவும் ஜப்பானும் வெகு தூரம் முன்னால் நிற்கின்றன. ஒலிம்பிக் கனவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கனவைக் காட்டி யாராவது பாடப் புத்தகத்தை மூடச் சொன்னால் நம்ப வேண்டாம் என்கிறேன்.

வாய்ப்புகள் நம் கையில் இல்லாத காரணங்களாலும் மாறும். நிர்வாகச் சிக்கலால் 2023இல் இலங்கை ரக்பியை உலக ரக்பி அமைப்பு சில மாதம் இடைநிறுத்தி வைத்தது. 2026 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டில் எழுவர் ரக்பியையே எடுத்துவிட்டார்கள். பர்மிங்ஹாமில் இருந்த ஆட்டம் அடுத்த முறை இல்லை. ஆட்டக்காரிகள் செய்த தப்பு இதில் எதுவும் இல்லை.

இனி படிப்பு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் தமிழும் கட்டாயம் விழ வேண்டும். சீருடைச் சேவைக்கும் அது வேண்டும், மற்ற வழிகளுக்கும் வேண்டும். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப் பாருங்கள். பேராதனையிலும் கொழும்பிலும் இயன்மருத்துவப் பட்டம் இருக்கிறது. அடிபட்ட ஆட்டக்காரர்களை எழுப்பி நடக்க வைக்கிற படிப்பு அது. விளையாட்டோடு ஒட்டி நிற்கும், விளையாட்டை மட்டும் நம்பி நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி உயரமாக வேண்டும். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பது அதற்கு ஓரளவு கைகொடுக்கும். கலைப் பிரிவுக்குப் போனால் சபரகமுவ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் உடற்கல்விப் பட்டத்தைப் பாருங்கள். கல்வியியற் கல்லூரிகள் வழியாக ஆசிரியையாகவும் வரலாம். நம் பத்தனை ஸ்ரீபாத கல்லூரி உட்பட எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் அரசாங்க வர்த்தமானியில் வரும்.

தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதியும் உண்டு. இடம் மிகக் கொஞ்சம், அடிப்படைச் சித்தியும் வேண்டும். அதை நம்பி உட்கார வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். இதற்காகவே ஒரு ஃபைல் வாங்கி, வலயம், மாகாணம், தேசியம் என்று கிடைக்கும் எல்லாச் சான்றிதழையும் அதில் போடச் சொல்லுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைலாகப் பார்த்து வாங்குங்கள்.

காயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல மாட்டேன், உங்கள் பயம் நியாயமானது. தோள், விரல், கணுக்கால் அடிபடும். முழங்கால் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். 'ஆக்டிவேட்' என்று உலக ரக்பி அமைப்பே ஒரு பயிற்சி முறை வைத்திருக்கிறது. பயிற்சிக்கு முன் செய்கிற சமநிலை, பாய்ந்து இறங்கும் பயிற்சிகள்தான், அதைத் தவறாமல் செய்தால் காயம் குறையும். டீச்சரிடம் அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபடி இறக்கக் கூடாது. சாதாரண மட்ட ஆட்டக்காரர்கள் மூளை அதிர்ச்சிக்குப் பிறகு போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்பது உலக அமைப்பின் வழிகாட்டல். "இறுதி ஆட்டம்தானே, ஒரு பத்து நிமிஷம் ஆடட்டும்" என்று யார் கெஞ்சினாலும் நீங்கள் இல்லை என்று சொல்லலாம். பல்லுக்குக் காப்பு வாங்குங்கள். பூட்ஸ் பழசு கிடைத்தாலும் பரவாயில்லை, பல்காப்பு புதுசாக இருக்கட்டும்.

சாப்பாட்டில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். காலையில் தேத்தண்ணியும் ரொட்டியும், பகலில் ரொட்டியும் சம்பலும் என்றால் இந்த ஓட்டம் தாங்காது. இறைச்சி வாங்கச் சொல்லவில்லை. முட்டை, நெத்தலி, பருப்பு, அவித்த கடலை, கீரை, இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிக்க விடாதீர்கள், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. மகளுக்குத் தலைசுற்றல், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் பயிற்சியைக் கூட்டலாம்.

கண்டிக்குப் பயிற்சிக்கு அனுப்புவது பற்றி: யாருடன் போகிறாள், இரவு தங்கினால் எங்கே, கூடத் தங்கும் பெண் பொறுப்பாளர் யார் என்பதைப் பாடசாலைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். நல்ல டீச்சர் இதற்குக் கோபிக்க மாட்டார். 1929 சிறுவர் உதவி இலக்கம் என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு யார் தருவது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, நம் பக்கத்துப் பிள்ளைகளைப் போட்டியைவிட அதிகமாகத் தடுக்கும் ஒரு விஷயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்து, அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் மாறிக் கிடப்பது. வயதுப் பிரிவுப் போட்டிக்கும் கடவுச்சீட்டுக்கும் இவை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தெரிவு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, மகளின் கடைசித் தவணை அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பெயர்களை ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம், பிழை இருந்தால் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை அன்றைக்கே எழுதிவிடலாம். அண்ணனையும் கட்டாயம் கூட்டிவாருங்கள். சீருடை பற்றிய பேச்சை அவர் இல்லாமல் பேச முடியாது. மகளும் அந்தப் பேச்சில் உட்காரட்டும்.