‘ஃபார்மட் பண்ணிடலாமா?’: கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேளுங்கள்

(பதில் எழுதுபவர் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர். முன்னறையில் அவருடைய வகுப்பு, பின்னறையில் அவர் வீட்டுக்காரரின் சர்வீஸ் மேஜை. அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆசிரியை.)

2018-இல் வாங்கிய லேப்டாப். ஐ3, 4 ஜி.பி. ரேம். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தால்தான் திரை வருகிறது. ஒரு கடையில் “மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். இன்னொரு கடையில் “ஃபார்மட் பண்ணினா சரியாயிடும்” என்கிறார்கள். யாரை நம்புவது?
— வாசகர், விருதுநகர்

மதர்போர்டு போயிருந்தால் டீ குடித்து முடித்த பிறகும் திரை வந்திருக்காது சார். முதல் கடைக்காரரிடம் விற்க வேண்டிய புது லேப்டாப் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை. ஃபார்மட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினால், ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழையபடி ஆகிவிடும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ‘டிஸ்க்’ என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது 100 சதவீதத்திலேயே நின்றால், பழி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் மேல்தான். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டு. அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடி எடுக்க வேண்டும். இன்றைய விண்டோஸின் அவசரத்துக்கு அந்த முள்ளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதற்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. என்ற சிப் வகை டிஸ்கில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற முள்ளும் இல்லை. அதே இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஆக்கினால் உங்கள் லேப்டாப்தானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வரிக்குக் கீழே ஹெச்.டி.டி.யா (பழைய ஹார்ட் டிஸ்க்) எஸ்.எஸ்.டி.யா என்றும் எழுதியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். விலை நான் எழுதப்போவதில்லை. இந்த இரண்டு சாமான்களின் விலையும் வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டு கடையில் விசாரியுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்கைக் கையோடு கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து. ஒரு யு.எஸ்.பி. டப்பாவில் போட்டால் படங்களை நகல் வைக்க உதவும். ஆனால் அதிலிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் கேட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அந்த டிஸ்க் அதிக நாள் தாங்காது. “ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே” என்று மறுபடி மறுபடி போட்டுத்தான் நிறையப் பேர் மிச்சத்தையும் இழக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை இழுக்கலாம். விண்டோஸ் 11 போடலாமா என்றால், ஐ3 என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7 என்று தொடங்கினால் ஏழாம் தலைமுறை. இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிக்கிறது. சில கடைகளில் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். கடிதம் டைப் செய்யவும் யூடியூப் பார்க்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடச் சொல்லுங்கள், காசும் கிடையாது. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுகிறவர் என்றால் வேண்டாம், அதற்கு விண்டோஸ்தான் சௌகரியம்.

கீபோர்டில் சில எழுத்துகள் வேலை செய்யவில்லை என்று லேப்டாப்பைக் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. “வைரஸ் இருந்துச்சு, ஃபார்மட் பண்ணிட்டோம்” என்கிறார்கள். மகளின் வளைகாப்புப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. மீட்க முடியுமா டீச்சர்?
— வாசகி, சாத்தூர்

இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரருக்கே கோபம் வந்துவிட்டது. கீபோர்டு மாற்றுவதற்கும் ஃபார்மட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் அந்த லேப்டாப்பை இந்த நிமிடமே ஆஃப் செய்யுங்கள் அம்மா. ஒரு பாட்டுகூட அதில் ஏற்றாதீர்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்காக இருந்து, அவர்கள் செய்தது சாதாரண ஃபார்மட் என்றால், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழிந்திருக்கும். படங்கள் தட்டில் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. அதன் மேல் புதிதாக எதுவும் எழுதாத வரைதான் இந்த வாய்ப்பு. விண்டோஸை மறுபடி ஏற்றியதிலேயே கொஞ்சம் போயிருக்கும். மீதியை, அந்த டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித்தான் எடுக்க வேண்டும். மீட்கும் சாஃப்ட்வேரை அதே லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் தராதீர்கள். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் நான் ஆசை காட்ட மாட்டேன். அழித்த இடத்தை அது தானாகவே உள்ளுக்குள் துடைத்துவிடும். அப்போது, படம் எடுத்தவரிடமும் வாட்ஸ்அப்பில் வாங்கிய சொந்தக்காரர்களிடமும் கேட்பதுதான் வழி. ஸ்டுடியோக்காரர் சில நேரம் வைத்திருப்பார், உடனே போன் போடுங்கள்.

மற்றவர்கள் கவனிக்க. எங்கள் சர்வீஸ் நோட்டில் லேப்டாப்பின் சீரியல் நம்பர், என்ன குறை, சார்ஜர் கொடுத்தார்களா, பை கொடுத்தார்களா என்பதோடு ‘டேட்டா வேணுமா, வேண்டாமா’ என்று ஒரு கட்டம் உண்டு. கொடுப்பவர் கையெழுத்து இல்லாமல் லேப்டாப் உள்ளே போகாது. நீங்கள் போகும் கடையில் அப்படி நோட்டு இல்லை என்றால், ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, “கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பாஸ்வேர்டையும் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டித் தருகிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். எதற்கு? கீபோர்டு மாற்றினால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியிலேயே தட்டிப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் எழுத்து விழுகிறதா என்று தெரிந்துவிடும். பேட்டரி, ஸ்கிரீன், ஹின்ஜ் வேலை எதற்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. உள்ளே போயே ஆக வேண்டிய வேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடித்துக் கொடுங்கள்.

இன்னொன்று, புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. சர்வீஸ் முடிந்து வந்ததும் நீலத் திரையில் ‘பிட்லாக்கர்’ (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) என்று 48 இலக்க எண் கேட்டு நிற்கும். மதர்போர்டு மாற்றினால் அப்படிக் கேட்கும், சில நேரம் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தாலும் கேட்கும். கடைக்காரரிடம் அந்த எண் இருக்காது. லேப்டாப் வாங்கியபோது போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது எந்த மெயில் ஐடி என்று தெரியாமல், வாங்கிக் கொடுத்த மருமகனுக்கு சிங்கப்பூருக்குப் போன் போட்டு விழிக்கிறவர்கள் நிறைய. கொடுக்கும் முன்பே கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் கம்ப்யூட்டரில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கிறது. வைரஸா?
— வாசகர், எட்டயபுரம்

வைரஸ் இல்லை. மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டது. தேதி பழைய வருடத்தில் இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வராதது போலத் தெரிவதால் பிரவுசர் கத்துகிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கை எடுத்துவிட்டு நீங்களே மாற்றலாம்.

வயது 61. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசை. ஒரு சென்டரில் சேர்ந்தேன், முதல் வாரம் முழுக்க ‘கம்ப்யூட்டரின் தலைமுறைகள்’ என்று நோட்ஸ் எழுத வைத்தார்கள். பேரனிடம் கேட்டால் “இதுகூடத் தெரியலையா ஆச்சி” என்கிறான். இந்த வயதில் தேவையா?
— வாசகி, சங்கரன்கோவில்

தேவையா என்று கேட்காதீர்கள் அம்மா, ஆசை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தச் சென்டரை மட்டும் மாற்றுங்கள். வால்வு, டிரான்சிஸ்டர் எல்லாம் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு. உங்களுக்கு முதல் நாளே மவுஸ் கையில் இருக்க வேண்டும்.

என் வகுப்பில் பெரியவர்கள் வந்தால் முதல் சில நாள் சீட்டுக்கட்டுதான். சிரிக்காதீர்கள். விண்டோஸில் சாலிட்டேர் 1990-இலேயே வந்துவிட்டது. சீட்டை அழுத்திப் பிடித்து, விடாமல் இழுத்து, சரியான இடத்தில் விட வேண்டும். ஃபைலை நகர்த்துவதும் அதே வேலைதான். சீட்டை இழுக்கும்போது ‘தப்பா அமுக்கிட்டா உடைஞ்சிடுமோ’ என்ற பயம் போய்விடுகிறது. எங்களிடம் படித்த ஓர் அம்மா எக்ஸெல் வரைக்கும் வந்த பிறகும், வகுப்பு முடிந்ததும் ஒரு ஆட்டம் போடாமல் எழுந்திருக்க மாட்டார்.

அடுத்தது, சேமித்தது எங்கே போனது என்று தெரிய வேண்டும். இதைச் சொல்லித்தராத சென்டர்கள்தான் அதிகம். மின்கட்டண ரசீதை டவுன்லோடு செய்துவிட்டு, அதைக் காணவில்லை என்று மறுபடி மறுபடி டவுன்லோடு செய்து, ஒரே ரசீது பத்து நகலாகக் கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்க, பெயர் மாற்ற, பென் டிரைவில் போட, பிரின்ட் கொடுக்க: இந்த நான்கும் வந்துவிட்டால் ஜெராக்ஸ் கடையில் கெஞ்ச வேண்டாம்.

தமிழில் டைப் செய்யக் கற்றுத் தருவார்களா என்று கேளுங்கள். ‘இங்கிலீஷில் அடித்தால் தமிழ் வரும்’ என்று பேரன் சொல்வான், அவனுக்கு அது போதும். உங்களுக்குத் தமிழ் 99 பழகச் சொல்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ. நான்கே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். பழைய டைப்ரைட்டரில் புள்ளிக்கு நான் பட்ட பாட்டுக்கு இதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமைதான் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் ‘தமிழ் 99’ அதிலேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

சேருவதற்கு முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேருக்கு ஒன்றா என்று பாருங்கள். சொல்லித்தருகிற பிள்ளை உங்கள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் தானே செய்து காட்டினால் அடுத்த சென்டருக்குப் போங்கள்.

பிளஸ் டூ முடித்த மகளை டி.சி.ஏ.வில் (கம்ப்யூட்டர் டிப்ளமோ) சேர்க்கலாமா, டேலியா? “அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்” என்று எல்லா போர்டிலும் எழுதியிருக்கிறார்கள்.
— வாசகர், கழுகுமலை

போர்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எந்த அரசுத் துறை, எந்தத் தேர்வு என்று கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே திணறுவார்கள். அரசுத் தட்டச்சர் வேலை மனதில் இருந்தால் டைப்ரைட்டிங் தமிழ், ஆங்கிலம் இரண்டும் எழுதட்டும். கூடவே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘ஆஃபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வும். சி.ஓ.ஏ. என்று எந்த இன்ஸ்டிடியூட்டில் கேட்டாலும் தெரியும். கடை, மில், ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டேலி, ஜி.எஸ்.டி. பதிவோடு. டி.சி.ஏ. என்பது ஒவ்வொரு சென்டரிலும் ஒவ்வொரு பாடம். பாடப் பட்டியலைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

திடீரென்று திரை சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு ‘உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, மைக்ரோசாஃப்டை அழையுங்கள்’ என்று ஒரு நம்பர் வந்தது. அழைக்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

அழைக்கவே கூடாது. அது வெறும் ஒரு வெப் பக்கம். எஸ்கேப் பட்டனை நீளமாக அழுத்திவிட்டு ஆல்ட், எஃப்4 கொடுங்கள். மசியவில்லை என்றால் பவர் பட்டனைப் பிடித்து அமர்த்துங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன ஆப்பை ஏற்றி, பணமும் போயிருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும்.

லேப்டாப்பின் டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. டேப் போட்டு ஒட்டிவிட்டேன். சரிதானே?
— வாசகர், சிவகாசி

சிவகாசியில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா தம்பி? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. டேப்பை எடுங்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஆஃப் செய்து இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பையில் போட வேண்டாம், கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா? மகன் கேலி செய்கிறான்.
— வாசகி, கயத்தாறு

தாராளமாக வையுங்கள். எங்கள் சென்டரில் ஒரு கம்ப்யூட்டரையும் விடமாட்டோம். மூடிய மூடியின் மேல் சின்னப் பொட்டாக. கீபோர்டில் வேண்டாம், காற்றுப் போகிற ஓட்டைப் பக்கம் வேண்டவே வேண்டாம். விபூதியும் குங்குமமும் ஃபேனுக்குள் போய், எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டியாகி, பூஜைக்கு அடுத்த வாரம் ‘சூடாகுது, சத்தம் போடுது’ என்று எங்கள் பின்னறைக்கு வரும் லேப்டாப்புகள் வருடா வருடம் உண்டு. தண்ணீர் தெளித்த பூவை மூடி மேல் வைக்காதீர்கள். தீர்த்தம் சுற்றி விடும்போது லேப்டாப்பைத் தாண்டி விடுங்கள். மகனையும் கூப்பிட்டுத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அன்றைக்கு ஒரு நாளாவது அது சுத்தமாகட்டும்.