தொட்டிச் செடி கரைகிறது, பாசி மட்டும் வளர்கிறது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மீன் தொட்டியில் நிஜச் செடி வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி "செடி அழுகுது", மீதி "பாசி பிடிக்குது". எந்த உர பாட்டில் வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முடித்திருக்கிறீர்கள். பாட்டில் அப்புறம். லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டையும் சொல்லாமல் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

தாம்பரம்: அக்கா, மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் கிரிப்டோகொரைன் செடி வாங்கி வந்தேன். பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. நர்சரிகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரமான காற்றில்தான் வளர்க்கிறார்கள், அப்படி வளர்த்தால் சீக்கிரம் பெருகும், பாசியும் ஒட்டாது. அந்த இலை காற்றுக்குப் பழகியது. தண்ணீருக்குள் முக்கியதும் செடி அதைக் கைவிட்டுவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற புது இலையை விடும். கிரிப்ட் வகைகளில் இது ரொம்ப அதிகம், இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு கரையும். கிழங்கை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அழுகிய இலையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள் (விட்டால் அமோனியா ஏறும்), செடியைப் பிடுங்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் துளிர் வரும். பலர் இரண்டாவது வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள், அதுவும் கரைகிறது.

கோவை: அக்கா, சிறுவாணித் தண்ணீர். இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை, ஓரம் மஞ்சள். மீன் கடிக்கிறதா?

பழைய இலையிலா, புது இலையிலா? நீங்கள் அனுப்பிய படத்தில் கீழே உள்ள பழைய இலைகளில்தான் ஓட்டை. அப்படியென்றால் மீன்மேல் பழி போட வேண்டாம், பெரும்பாலும் பொட்டாசியம் பற்றாக்குறை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பிக்கொள்ளும், அதனால் அவை குறைந்தால் அடி இலை முதலில் கெடும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது, குறைந்தால் துளிரே வெளிறியோ கோணலாகவோ வரும். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் வெளிறிப்போன துளிர் என்றால் பெரும்பாலும் இரும்பு.

சிறுவாணி மென்மையான தண்ணீர், குடிக்க அமிர்தம், செடிக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உரக்கடையில் 13-0-45 என்று பாக்கெட் கிடைக்கும், அது பொட்டாசியம் நைட்ரேட். 60 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்தால் நைட்ரேட் சுமார் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பொட்டாசியம் சுமார் 6 பிபிஎம் ஏறும். வாரம் ஒரு முறை அவ்வளவு போதும், கூடவே பாதித் தண்ணீர் மாற்றினால் எதுவும் அளவுக்கு மீறிச் சேராது. மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு ஒரு சிட்டிகை. யூரியா, டிஏபி பக்கம் மட்டும் போகாதீர்கள், இரண்டும் அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். ஓட்டை விழுந்த இலை ஆறாது. புது இலை எப்படி வருகிறது என்பதை வைத்துத்தான் முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி: எங்கள் அபார்ட்மென்ட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. போர் தண்ணீர் "சாஃப்ட்" ஆகித்தான் வருகிறது. அப்புறமும் செடி ஏன் தேறவில்லை?

அந்த மெஷினில் மாதாமாதம் உப்பு கொட்டுகிறார்களே, அங்கேதான் விஷயம். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. துணிக்கும் கீசருக்கும் நல்லது. செடிக்கு வேண்டியது போய், வேண்டாதது வந்து உட்காரும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் எங்காவது இருக்கும், வாட்ச்மேனைக் கேளுங்கள், அந்தத் தண்ணீரில் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம், அதிலும் தாது இருக்காது.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்கட கிணத்துத் தண்ணி சரியான கடினம், கண்ணாடியில வெள்ளையா படியுது. செடி வைக்கவே ஏலாதோ?

ஏன் ஏலாது? சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறு அப்படித்தான் இருக்கும். வாலிஸ்நேரியாவை வையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளக்கூடிய செடி அது, உங்கள் தண்ணீர் அதற்கு விருந்து. ஹார்ன்வோர்ட்டும் நன்றாக வரும். கிரிப்டோகொரைன் வெண்டி உங்கள் நாட்டுக்கே உரிய செடி, கடினத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். சிவப்புச் செடி ஆசை இருந்தால் மழைத் தண்ணீர் பிடித்துக் கலக்கலாம், கூரை கழுவிப் போகும் முதல் மழையை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர்: தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றினால் குளோரின் போய்விடும்தானே?

சென்னை மெட்ரோ தண்ணீர் என்றால் சரி. உங்கள் ஊரில் குளோரமின் சேர்க்கிறார்கள், அது வாளியில் வைத்தால் போகாது. அதை முறிக்கும் தண்ணீர் கண்டிஷனர் கட்டாயம்.

ஈரோடு: கறுப்பு முடி மாதிரி பாசி, அனுபியஸ் இலை ஓரம் முழுக்க. தேய்த்தாலும் வரவில்லை. லைட் காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை எரிகிறது, மீன் இருட்டில் பயப்படுமே என்று.

பதினான்கு மணி நேரம்! மீன் இருட்டில் பயப்படாது, தூங்கும். உர பாட்டிலை விட்டுவிட்டு முதலில் ஒரு டைமர் வாங்குங்கள். ஆறு மணி நேரம், மாலை ஐந்திலிருந்து பதினொன்று என்று வைத்தால் நீங்கள் வீட்டில் இருக்கும்போது பார்க்கலாம். தொட்டிமேல் ஜன்னல் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

அனுபியஸ் மெதுவாக வளரும் செடி, ஒரு இலை பல மாதம் அப்படியே நிற்கும், பாசிக்கு வாடகை இல்லாத வீடு. மோசமான இலைகளை வெட்டுங்கள். மிச்சத்துக்கு, செடியை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை (மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது) பாசிமேல் சொட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவித் திரும்ப வையுங்கள். சில நாளில் பாசி சிவந்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் லைட்டைக் குறைக்காமல் இதை மட்டும் செய்தால் மறுபடி வரும். இன்னொன்று, அனுபியஸின் தண்டுக் கிழங்கை மணலில் புதைத்திருக்கிறீர்கள். அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதேதான்.

புதுத் தொட்டியில் பழுப்பு நிறத் தூசி மாதிரி படிகிறது என்று கேட்ட மூன்று பேருக்கும்: அது டயாட்டம் என்ற நுண்பாசி, தொட்டி பழகியதும் தானாகவே குறையும். துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மதுரை: அம்மா, மே மாதம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. சில்லர் வாங்க வசதியில்லை. ஐஸ் கட்டி போடலாமா?

வேண்டாம் ஐயா, வெப்பம் சட்டென்று இறங்கி ஏறுவது மீனுக்குத்தான் கெடுதல். மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகும்போதே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும், அதனால் குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீரால் அல்ல. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், இரவில் செடிகளும் அதையே சுவாசிக்கும், காற்று மோட்டாரை இரவில் கட்டாயம் ஓடவிடுங்கள். லைட்டை வெயில் இறங்கிய பிறகு போடுங்கள். மோஸ் வகைகள் இந்த வெயிலில் வாடும், வாலிஸ்நேரியாவும் ஹைக்ரோஃபிலாவும் தாக்குப்பிடிக்கும்.

திருச்சி: சர்க்கரை, ஈஸ்ட் பாட்டில் வைத்து சிஓ2 கொடுக்கலாமா?

சின்னத் தொட்டிக்குக் கொடுக்கலாம். இன்றைக்கு அதிகம் வரும், பத்து நாள் கழித்துக் குறையும், இரவில் நிறுத்தவும் முடியாது. இந்த ஏற்ற இறக்கம் அந்தக் கறுப்புப் பாசிக்கு ரொம்பப் பிடிக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே குழாயை வெளியே எடுத்துவிட்டுக் காற்று மோட்டாரைப் போடுங்கள். என்னைக் கேட்டால், முதல் வருஷம் சிஓ2 தேவைப்படாத செடிகளோடு பழகுங்கள்.

சேலம்: கடையில் விற்கும் அக்வா சாயில் விலை தாங்கவில்லை. தோட்ட மண் போடலாமா?

தாராளமாக. இரும்புச்சத்துள்ள செம்மண் நல்லது. ஆனால் எரு கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். சாணமோ மண்புழு உரமோ இருந்தால் அமோனியா கிளம்பும், தண்ணீரும் நாறும். சலித்து, ஒரு அங்குலம் பரப்பி, மேலே ஒன்றரை அங்குலம் கழுவிய ஆற்று மணல். கடல் மணல் வேண்டாம், அதில் சிப்பித்தூள் இருக்கும், தண்ணீர் கடினமாகும். சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்குங்கள். மீனை உடனே விடாதீர்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், செடி நிறைய வைத்தால் கொஞ்சம் சீக்கிரம்.

கும்பகோணம்: வாய்க்காலில் நீர்ப்பிரம்மி கிடக்கிறது, பறித்து வைக்கலாமா? நத்தை வருமா?

பிரம்மி தண்ணீருக்குள்ளும் நன்றாக வளரும். வயல் ஓரமென்றால் பூச்சிமருந்து ஒட்டியிருக்கும், இறால் வளர்ப்பவர்கள் ரொம்பக் கவனம். தனி வாளியில் இரண்டு வாரம், தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். நத்தைக்கு, லிட்டருக்கு முக்கால் டீஸ்பூன் படிகாரம் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவுங்கள். ஒன்றிரண்டு தப்பி வந்தால் விடுங்கள், அவை அழுகிய இலையைத்தான் மேயும். நத்தை எக்கச்சக்கமாகப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள்.

வெட்டிய செடியை வாய்க்காலில் திரும்ப வீசலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது, கடையில் வாங்கிய செடி என்றால் கூடவே கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கிறோமே. வெயிலில் காயவைத்து மாடித் தோட்டத்துத் தொட்டியில் போடுங்கள், நல்ல உரம்.